நிவாரணக் காசில் பேங்க் பிடித்த பணத்தைத் திரும்ப வாங்குவது எப்படி: நம் கடற்கரை மக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் ஏறிவிட்டது என்று பக்கத்து வீட்டில் சொன்னதும், அம்மா தங்கச்சிமடத்து ஏ.டி.எம்.முக்குப் போய்ப் பார்த்தார். 7,292 ரூபாய்தான் இருந்தது. மீதி 708 எங்கே போனது என்று மறுநாள் பேங்கில் கேட்டதற்கு, "மினிமம் பேலன்ஸ் இல்லம்மா, சிஸ்டமே பிடிச்சிரும், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்று கவுன்டரில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா திரும்பி வந்து, போனால் போகுது என்று கருவாட்டைக் காயப்போட உட்கார்ந்துவிட்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

அந்த 708-ல் 472 ரூபாய் திரும்பி வந்தது. மீதி 236 வரவில்லை, அது ஏன் என்று கீழே சொல்கிறேன். அதற்குப் பிறகு பாம்பன், மண்டபம் பக்கம் தெரிந்தவர்கள் சிலருக்கும் எழுதிக்கொடுத்தேன். அதில் புரிந்துகொண்டது ஒன்றுதான். கவுன்டரில் நின்று "பாவம் பார்த்துக் குறைச்சுக் கொடுங்க" என்று கேட்டால் எதுவும் நடக்காது. "எந்தத் தேதியில் எனக்கு நோட்டீஸ் கொடுத்தீர்கள்" என்று தாளில் எழுதிக் கேட்டால் விஷயம் நகரும்.

நம் பக்கம் ஏன் இது அதிகம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அது போக, மழைக்காலத்தில் காற்று எச்சரிக்கை என்றால் மீன்வளத்துறை டோக்கன் (கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு) தராது. கடலுக்குப் போகும் நாட்களிலும் சம்மாட்டி (படகு முதலாளி) பங்கைக் கையில்தான் கொடுப்பார், அது அரிசிக்கும் வட்டிக்கும் போய்விடும். ஆக நம்மில் பல பேருக்குப் பேங்க் கணக்கு என்பது நிவாரணம் வாங்க மட்டும்தான். வருடத்தில் இரண்டு மூன்று தடவை காசு வரும், வந்த அன்றே எடுத்துவிடுவோம், மீதி மாதமெல்லாம் கணக்கு காலி. அந்தக் காலி மாதங்களுக்கெல்லாம் பேங்க் அபராதத்தை எழுதி வைத்துக்கொண்டே வந்து, அடுத்த நிவாரணம் ஏறிய அன்று ஒரே வாரலாக வாரிவிடும்.

சின்னக் காசு என்று நினைக்க வேண்டாம். 2020-21 முதல் ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் மட்டும் மினிமம் பேலன்ஸ் அபராதமாக எடுத்தது ஏறத்தாழ 8,900 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்திலேயே கணக்குச் சொன்னார்கள்.

முதலில் பாஸ்புக்கை என்ட்ரி போடுங்கள்

வாய்க்கணக்கு செல்லாது. பாஸ்புக்கை என்ட்ரி போட்டு, ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, டெபிட் பக்கம் மட்டும் மேலிருந்து கீழே வாருங்கள். 118.00, 17.70, 23.60, 295.00 மாதிரி சில்லறைத் தொகை கண்ணில் பட்டால் வட்டம் போடுங்கள். நாம் யாரும் ஏ.டி.எம்.மில் 118 ரூபாய் எடுப்பதில்லை. 100 ரூபாய் கட்டணம், 18 சதவீத ஜி.எஸ்.டி., சேர்த்து 118. அப்படித்தான் இந்த எண்கள் பிறக்கின்றன.

பக்கத்தில் உள்ள சுருக்கெழுத்துதான் குழப்பும். எம்.ஏ.பி., ஏ.எம்.பி., க்யூ.ஏ.பி. என்றிருந்தால் சராசரி இருப்பு இல்லாததற்கான அபராதம். எஸ்.எம்.எஸ். சார்ஜ் தெரியும். ஏ.எம்.சி. என்பது ஏ.டி.எம். கார்டுக்கான வருடக் கட்டணம். நாச் ரிட்டர்ன் அல்லது ஈ.சி.எஸ். ரிட்டர்ன் என்றால் ஏதோ ஒரு கடன் தவணை வந்து காசில்லாமல் திரும்பியிருக்கிறது. புரியாத வரி எதுவாக இருந்தாலும் அதைக் கடிதத்தில் அப்படியே எழுதி "இது என்ன" என்று கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மே மாதக் கடைசி வாரத்தில் 436 ரூபாயும் 20 ரூபாயும் போயிருந்தால் அது அபராதம் இல்லை. பிரதமர் பெயரில் உள்ள ஆயுள் காப்பீடும் விபத்துக் காப்பீடும். இரண்டும் தடைக்காலத்து நடுவில்தான் பிடிப்பார்கள், கையில் காசே இல்லாத நேரம். நீங்கள் கையெழுத்துப் போடாமல் சேர்த்திருந்தால் சம்மதப் படிவத்தின் நகலைக் கேளுங்கள், இல்லையென்றால் பணம் திரும்ப வேண்டும். ஆனால் அந்த 20 ரூபாய்க் காப்பீட்டைக் கோபத்தில் நிறுத்திவிடாதீர்கள். கடலுக்குப் போகிற வீட்டில் இரண்டு லட்சம் விபத்துக் காப்பீட்டுக்கு வருடம் 20 ரூபாய் என்பது மலிவுதான்.

எது நியாயமில்லாத பிடித்தம்

ரிசர்வ் வங்கி 2014 நவம்பர் 20-ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை விட்டது, 2015 ஏப்ரல் 1 முதல் அமல். அதன் சாரம் இதுதான். சேமிப்புக் கணக்கில் இருப்பு குறைந்தால் பேங்க் முதலில் எஸ்.எம்.எஸ்., ஈமெயில் அல்லது கடிதம் மூலம் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த நாளிலிருந்து ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும். அதற்குப் பிறகும் இருப்பைச் சரிசெய்யாவிட்டால்தான் அபராதம். அந்த அபராதமும் எவ்வளவு குறைந்ததோ அந்தக் குறைவின் மீது சதவீதமாக இருக்க வேண்டும். அபராதம் போட்டதாலேயே கணக்கு மைனஸில் போகக் கூடாது.

நம் ஆயுதம் அந்த நோட்டீஸ்தான். எங்கள் அம்மா விஷயத்தில் டிசம்பர் முதல் மே வரை ஆறு மாதத்துக்குப் பிடித்திருந்தார்கள். எழுதிக் கேட்டபோது பேங்கால் காட்ட முடிந்தது மார்ச் மாதம் அனுப்பிய ஒரே ஒரு எஸ்.எம்.எஸ். அப்படியானால் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச் நான்கு மாதத்துக்கும் ஒரு மாத அவகாசத்தோடு நோட்டீஸ் இல்லை, 472 திரும்பியது. ஏப்ரல், மே இரண்டுக்கும் நோட்டீஸ் இருந்தது, அதனால் 236-ஐ விட்டுவிட்டோம். அந்த எஸ்.எம்.எஸ். ஆங்கிலத்தில் இருந்தது, அம்மா அதை ஏதோ ரீசார்ஜ் மெசேஜ் என்று நினைத்திருக்கிறார், அது வேறு கதை.

அடுத்து கணக்கைச் சரிபாருங்கள். சராசரி இருப்பு என்றால் தினமும் அந்த அளவு இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு நாள் முடிவிலும் உள்ள இருப்பைக் கூட்டி மாதத்து நாட்களால் வகுப்பார்கள். உங்கள் கணக்குக்கு 2,000 சராசரி என்று வையுங்கள். 8,000 ரூபாய் ஏறி எட்டே நாள் கணக்கில் தங்கியிருந்தால் 64,000. முப்பதால் வகுத்தால் 2,133. மீதி 22 நாள் காலியாகக் கிடந்தாலும் அந்த மாதம் நீங்கள் தப்பிவிட்டீர்கள். சித்தி கணக்கில் மழைக்கால நிவாரணம் 6,000 ஏறி 11 நாள் அப்படியே இருந்தது, சராசரி 2,200 வந்துவிட்டது, இருந்தும் அந்த மாதத்துக்கும் 118 போட்டிருந்தார்கள். ஒரு துண்டுத் தாளில் இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்ததும் மூன்றாம் நாள் திருப்பி வரவு வைத்தார்கள்.

இன்னும் சில இடங்களில் அபராதம் போடவே கூடாது. ஜன்தன் உள்ளிட்ட அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு மினிமம் பேலன்ஸே கிடையாது. இரண்டு வருடத்துக்கு மேல் நீங்கள் எதுவும் போடாமல் எடுக்காமல் செயலற்ற கணக்காக மாறியதற்கு அபராதம் போடக் கூடாது, அதை மறுபடி உயிர்ப்பிக்கவும் கட்டணம் கேட்கக் கூடாது. 2024 ஏப்ரல் 1 முதல் அமலான ரிசர்வ் வங்கி விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. அப்புறம், ஸ்டேட் பேங்க் 2020 மார்ச்சிலேயே சேமிப்புக் கணக்குக்கு இந்த அபராதத்தை எடுத்துவிட்டது. கனரா வங்கி 2025 ஜூனிலும், இந்தியன் வங்கி 2025 ஜூலையிலும் எடுத்துவிட்டன. அந்தந்தத் தேதிக்குப் பிறகான மாதத்துக்கு அப்படி ஒரு வரி இருந்தால் விளக்கமே வேண்டியதில்லை, திருப்பித் தரச் சொல்லலாம். ஆனால் தேதிக்கு முந்தைய மாதங்களுக்கு "இப்போதுதான் எடுத்துவிட்டீர்களே" என்ற வாதம் எடுபடாது. அங்கே நோட்டீஸ் கேள்விதான் வழி.

கடிதம்

மேனேஜர் பெயருக்கு, தமிழிலேயே, ஒரே பக்கத்தில். கோபம், கண்ணீர், "ஏழைகள் வயிற்றில் அடிக்கிறீர்கள்" எதுவும் வேண்டாம். நான் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"கிளை மேலாளர் அவர்களுக்கு, என் சேமிப்புக் கணக்கில் (எண் எழுதவும்) டிசம்பர் முதல் மே வரை ஆறு மாதங்களுக்குக் குறைந்தபட்ச இருப்பு அபராதமாக மாதம் 118 வீதம் 708 ரூபாய், அரசின் மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வரவான அன்று பிடிக்கப்பட்டுள்ளது. ரிசர்வ் வங்கியின் 20.11.2014 சுற்றறிக்கைப்படி ஒரு மாத அவகாசத்துடன் எனக்கு முன்னறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு மாதத்துக்கும் எந்தத் தேதியில், எந்த எண்ணுக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டது, மாத சராசரி எவ்வளவு, அபராதம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்ற விவரத்தை எழுத்தில் தரவும். அறிவிப்பு இல்லாத மாதங்களின் தொகையை ஜி.எஸ்.டி.யுடன், பிடித்த தேதியிட்டே திரும்ப வரவு வைக்கவும். பாஸ்புக் நகல் இணைத்துள்ளேன்."

பெயர், கையெழுத்து அல்லது கைரேகை, செல் நம்பர், தேதி. முடிந்தது. "ஜி.எஸ்.டி.யுடன்" என்பதை விட்டுவிடாதீர்கள். முதல் தடவை ஒருவருக்கு எழுதிக்கொடுத்தபோது நான் அதை விட்டுவிட்டேன், நூறு நூறாகத் திருப்பிக் கொடுத்து, பதினெட்டு பதினெட்டாக நிறுத்திக்கொண்டார்கள்.

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் சீலும் தேதியும் கையெழுத்தும் வாங்கி வாருங்கள். "வச்சுட்டுப் போங்க, பாக்குறோம்" என்பார்கள். வைத்துவிட்டு வந்தால் அது டீக்கடைத் தாள்தான். சீல் போட மறுத்தால் சண்டை வேண்டாம், நேராகத் தபால் ஆபீஸுக்குப் போய் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அதே கிளைக்கு அனுப்புங்கள். பேங்கின் இணையதளத்திலோ ஆப்பிலோ புகார் போடத் தெரிந்தால் அதுவும் போடுங்கள், புகார் எண் கிடைக்கும். அந்த எண்ணும் சீல் போட்ட நகலும்தான் அடுத்த கட்டத்துக்கு டிக்கெட்.

பாதிப் பேருக்கு இங்கேயே முடிந்துவிடும். மேனேஜருக்குச் சின்னத் தொகையைத் திருப்பும் வழி உண்டு, நோட்டீஸ் விவரத்தைத் தேடி எடுப்பதைவிட அவருக்கு அது சுலபம். போன் போட்டு, "பாதி தர்றோம், கம்ப்ளைன்ட்டை வாபஸ் வாங்கிருங்க" என்று சொன்னால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். பாதியை வரவு வைக்கட்டும், மீதிக்கு மட்டும் ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள்.

முப்பது நாள் ஆகியும் பதில் இல்லையா

பேங்குக்குப் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பரில் எல்லாவற்றையும் ஒரே திட்டமாக ஆக்கிவிட்டார்கள், சென்னைக்கெல்லாம் அலைய வேண்டாம். கட்டணம் இல்லை. வக்கீல் தேவையில்லை, சொல்லப்போனால் வக்கீல் மூலம் போடவும் முடியாது. சி.எம்.எஸ். டாட் ஆர்.பி.ஐ. டாட் ஓ.ஆர்.ஜி. டாட் இன் என்ற தளத்தில் செல் நம்பருக்கு ஓ.டி.பி. வரும், அதைப் போட்டு உள்ளே போய்ப் புகாரை எழுதி, கடித நகலையும் பாஸ்புக் பக்கத்தையும் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டியதுதான். இன்டர்நெட் ஆகாது என்றால் சண்டிகரில் 17-ஆவது செக்டாரில் உள்ள ரிசர்வ் வங்கி மையத்துக்கு (பின்கோடு 160017) தபாலில் அனுப்பலாம். 14448 என்ற எண்ணில் தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

காலக்கெடு விதிகளை அவ்வப்போது மாற்றுவார்கள். அதனால் 30 நாள் முடிந்த அடுத்த வாரமே போட்டுவிடுங்கள். தடைக்காலம் முடிந்து கடல் திறந்துவிட்டால் இதற்கு யாருக்கும் நேரம் இருக்காது என்பது நமக்கே தெரியும்.

இங்கே பெரும்பாலானவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. "கட்டணம் ரொம்ப அதிகம்" என்று எழுதினால், அது வங்கியின் வணிக முடிவு என்று புகாரைத் தள்ளிவிடுவார்கள். "ரிசர்வ் வங்கி சொன்ன முன்னறிவிப்பு இல்லாமல் பிடித்துவிட்டார்கள், எழுதிக் கேட்டும் விவரம் தரவில்லை" என்று எழுதினால் அது சேவைக் குறைபாடு. அதே காசு, அதே பேங்க்தான், எழுதுகிற விதத்தில்தான் புகார் நிற்பதும் விழுவதும். அதே விஷயத்துக்குக் கோர்ட்டிலும் வழக்குப் போட்டிருந்தால் இங்கே எடுக்க மாட்டார்கள். முதலில் பேங்குக்குப் புகார் கொடுக்காமல் நேராக இங்கே வந்தாலும் அதே கதிதான்.

உங்களுடையது பொதுத்துறை வங்கி என்றால் நடுவில் இன்னொரு வழியும் உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து, "என் கணக்குக்கு அனுப்பிய மினிமம் பேலன்ஸ் அறிவிப்புகளின் தேதி, அனுப்பிய எண், நகல்" என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "அப்படி எந்தப் பதிவும் இல்லை" என்று அவர்கள் கைப்படவே எழுதிக் கொடுத்துவிட்டால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. தனியார் வங்கிக்கு இது செல்லாது.

நுகர்வோர் ஆணையம் ராமநாதபுரத்திலேயே இருக்கிறது, 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் 472 ரூபாய்க்காக வாய்தா வாய்தாவாக பஸ் ஏற முடியாது. பெரிய தொகையாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

மகளிர் உரிமைத் தொகையில் பிடித்தால்

2023 செப்டம்பரில் ஆயிரம் ரூபாய் முதல் தடவை ஏறியபோது சில வங்கிகள் பழைய அபராதத்துக்கு அதிலிருந்து எடுத்துக்கொண்டு பெரிய பிரச்சினை ஆனது நினைவிருக்கும். அப்படிப் பிடிக்கக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட்டு, 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணில் புகார் சொல்லச் சொன்னார். எனவே உரிமைத் தொகை என்றால் பேங்குக்குக் கடிதம் கொடுத்த அன்றே 1100-க்கும் பேசிவிடுங்கள். மீன்பிடி நிவாரணம் என்றால் மீன்வளத்துறை அலுவலகத்தில் ஒரு பிரதி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் ஒரு பிரதி. அங்கே மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரின் (மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைப்பவர்) பார்வைக்கு என்று மேலே எழுதுங்கள். கூட்டத்தில் கொடுத்தால் காசு வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கிளை மேனேஜருக்கு மேலிருந்து ஒரு போன் வரும்.

சம்மாட்டிகளுக்கு, ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) கணக்கு பற்றி

மேலே சொன்ன 2014 விதி சேமிப்புக் கணக்குக்கு மட்டும்தான். படகு வைத்திருப்பவர்கள், கருவாட்டு வியாபாரிகள் வைத்திருக்கும் கரன்ட் அக்கவுன்டுக்கும் ஓ.டி.க்கும் அது வராது. அங்கே பார்க்க வேண்டியது கடன் கொடுக்கும்போது பேங்க் தந்த அனுமதிக் கடிதம். அதில் எழுதாத கட்டணத்தைப் பிடித்தால் கேட்கலாம். 2024 ஏப்ரலில் இருந்து ரிசர்வ் வங்கி இன்னொன்றும் கொண்டுவந்திருக்கிறது. தவணை தவறியதற்கு அபராத வட்டி என்று வட்டி விகிதத்தில் ஏற்றக் கூடாது, அபராதக் கட்டணமாகத் தனியே காட்ட வேண்டும், அந்தக் கட்டணத்தை அசலில் சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. ஸ்டேட்மென்ட்டில் அபராதம் ஏறிய அடுத்த மாதம் வட்டி எவ்வளவு தொகைக்குப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். குட்டி போட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

இனிமேல் பிடிக்காமல் இருக்க

அதே பேங்கில் அதே கணக்கை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. மினிமம் பேலன்ஸ் கிடையாது, ஏ.டி.எம். கார்டு இலவசம், மாதம் நான்கு தடவையாவது காசு எடுக்கலாம். ஒரே நிபந்தனை, அந்த பேங்கில் வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது. கணக்கு எண் மாறாமல் மாற்றித் தரச் சொல்லுங்கள். எண் மாறினால் மீன்வளத்துறையில் புதுப் பாஸ்புக் நகல் கொடுக்க வேண்டும், மறந்தால் அடுத்த நிவாரணம் எங்கேயோ போய் நிற்கும். செல் நம்பர் மாற்றினால் பேங்கிலும் மாற்றுங்கள்.

பணம் திரும்பி வரும்வரை இன்னொரு தொல்லையும் வரலாம். "ரிசர்வ் வங்கியிலிருந்து பேசுறோம், ரீஃபண்ட் அனுப்பணும், ஓ.டி.பி. சொல்லுங்க" என்று போன் வந்தால் உடனே வையுங்கள். திரும்ப வரும் பணத்துக்கு எந்த ஓ.டி.பி.யும் தேவையில்லை. ஏமாந்து சொல்லிவிட்டால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள்.

எங்களுக்கு கடிதம் கொடுத்த 19-ஆவது நாள் 472 ரூபாய் ஏறியது. எஸ்.எம்.எஸ். வரவில்லை, என்ட்ரி போடும்போதுதான் தெரிந்தது. அம்மா அந்த வரியில் தானே பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு, சித்தி பாஸ்புக்கையும் வாங்கிவரச் சொன்னார்.